துளசியை உங்கள் மகள் கொல்லவில்லை

வாசகர் கேள்வி:

சென்னை காசிமேடு பக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு. மகளுடைய பள்ளியில் ஆளுக்கொரு காகிதக் கப்பில் தக்காளி நாற்று கொடுத்து, "இது உன் பொறுப்பு, நீதான் வளர்க்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் பள்ளிக்குப் போகும்போது, வந்ததும், தூங்கப் போகும்முன் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில் தண்டு அடியில் கறுத்து மடங்கி விழுந்துவிட்டது. அழுதாளே என்று ஒரு துளசித் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை அளவாகத்தான் ஊற்றினாள். அப்படியும் இலை ஓரமெல்லாம் கருகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, அதுவும் பட்டுப்போனது. துளசி போனதில் என் மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "நீ கை வச்சாலே செடி செத்துப்போவுது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகள் செடிப் பக்கமே திரும்புவதில்லை. மகனோ எந்தச் செடியைப் பார்த்தாலும் இலையைப் பிய்க்கிறான். வீட்டுக்காரர், "தண்ணியே லாரியில வருது, இதுல செடி வேறயா?" என்கிறார். பிள்ளைகளுக்குச் செடிமேல் அக்கறை வரவேண்டும், பொறுப்பும் வரும் என்று ஆசைப்பட்டேன். எங்கே தப்பாகிறது? போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். மீன் கழுவிய தண்ணீர் சத்து என்று மாமியார் அதையும் ஊற்றுவார். தொட்டி மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பால்கனியில் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றுவரை வெயில் வரும்.

தோட்டக்கலை ஆலோசகர் பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

இன்று சாயங்காலமே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "துளசி செத்ததுக்கு நீ காரணம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லச் சொல்லவில்லை. உண்மையே அதுதான். போர் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், மண்மேல் வெள்ளைப் படிவு, ஓரம் கருகிய இலை. நீங்கள் எழுதியிருக்கும் இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் துளசி உப்பில்தான் போயிருக்கிறது. அளவாகத் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொண்ட ஒரு குழந்தைக்கு, செய்யாத தப்புக்குப் பழி விழுந்திருக்கிறது. அந்தப் பழி இறங்காமல் நான் என்ன யோசனை சொன்னாலும் அவள் செடியிடம் வரமாட்டாள்.

கடலோரத்தில் குடியிருக்கிற நமக்குப் போர் தண்ணீர் கரிப்பது புதிதில்லை. நிலத்தடி நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல்நீர் நகர்ந்து வருகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் 1960-களின் கடைசியிலேயே இது தெரிந்துவிட்டது. துணி துவைக்க அந்தத் தண்ணீர் போதும். தரையில் நிற்கிற மரமும் ஓரளவு தாங்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் உப்பு கரைந்து கீழே போய்விடும். தொட்டியில் அதற்கு வழி கிடையாது. ஊற்றிய தண்ணீரைச் செடி கொஞ்சம் குடிக்கும், மிச்சம் வெயிலில் போகும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். நாள்பட நாள்பட அது மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூக்கும். உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை இழுக்க முடியாது. இழுத்த கொஞ்சத்தோடு மேலே போன உப்பு இலையின் விளிம்பில் தேங்கும். அதனால்தான் கருகல் எப்போதும் ஓரத்தில் தொடங்குகிறது. வெறும் தண்ணீர்க் குறைவால் வாடுகிற செடி முழுசாகத் தொங்கும். இலையின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்க, விளிம்பு மட்டும் பழுப்பாகி நொறுங்கினால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மீன் தண்ணீர் விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. மீன் கழிவில் தழைச்சத்து உண்டு. வெல்லம் போட்டு நொதிக்கவைத்து மீன் அமிலம் என்று பயிருக்குத் தெளிக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் வழவழப்பும் கவிச்சியும் போகக் கல்லுப்பைப் போட்டுத் தேய்த்துத்தானே மீனைக் கழுவுகிறோம்? அந்தத் தண்ணீரில் சத்தைவிட உப்பு அதிகம். அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். உப்பு போடுவதற்கு முந்தைய அலசல் தண்ணீர் என்றால் கீழே தரையில் இருக்கிற முருங்கைக்கோ தென்னைக்கோ ஊற்றலாம். மாடியில் அதுவும் வேண்டாம்; பூனையும் காக்காயும் தொட்டியைக் கிளறிவிடும்.

இதைக் குழந்தையிடம் சொல்லும்போது, "ஆயாதான் காரணம்" என்று பழியை இடம் மாற்றிவிடாதீர்கள். "உப்புத் தண்ணி செடிக்கு ஒத்துக்காது, நமக்கு யாருக்கும் அது தெரியல" என்றால் போதும். தெரிந்துகொள்ள ஒரு வழியும் இருக்கிறது, அதைப் பிள்ளைகள், ஆயா மூன்று பேரையும் உட்காரவைத்துச் செய்யுங்கள். இரண்டு கப்பில் பஞ்சு வைத்துக் கொஞ்சம் பச்சைப்பயறு போடுங்கள். ஒன்றில் குடிக்கிற தண்ணீர் தெளியுங்கள். இன்னொன்றில், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து தெளியுங்கள். அது கிட்டத்தட்டக் கடல்நீர் மாதிரி. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இரண்டு மூன்று நாளில் நல்ல தண்ணீர்ப் பயறு வால் விட்டிருக்கும். உப்புத் தண்ணீர்ப் பயறு அப்படியே கிடக்கும். பேத்தியும் ஆயாவும் சேர்ந்து குனிந்து பார்க்கிற அந்தக் கப்பு, நீங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லக்கூடிய எதையும்விட நன்றாகப் பேசும்.

அடுத்து தக்காளி. நாற்று அடித்தண்டில் கறுத்து மடங்குவது நாற்றழுகல். ஈரம் வடியாத மண்ணில் வருகிற பூஞ்சை நோய் அது. அந்தக் காகிதக் கப்பின் அடியில் ஓட்டை இருந்திருக்காது. "நீதான் வளர்க்கணும்" என்று சொன்னவர்கள், எப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. செடியைப் பார்த்துக்கொள் என்றால் ஆறு வயதுக் குழந்தைக்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் ஊற்று. அக்கறை அதிகமாக இருந்ததால் அடிக்கடி ஊற்றியிருக்கிறாள். உங்கள் மகளுக்கு அக்கறை வரவில்லை என்று நீங்கள் வருத்தப்பட வேண்டியதே இல்லை. அது அவளிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அதனால் "பொறுப்பு" என்று நீங்கள் எழுதியதில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து. ஒரு உயிரை முழுசாக ஒரு சின்னக் குழந்தையின் தலையில் கட்டி, அது பிழைத்தால் சமர்த்து, செத்தால் நீதான் காரணம் என்பது வளர்ப்பு ஆகாது, பரீட்சைதான் ஆகும். பள்ளிகளிலும் பால்வாடிகளிலும் தோட்டம் போட்டுக் கொடுக்கிற வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆளுக்கொரு தொட்டி, அதில் பெயர்ச் சீட்டு என்று வைக்கிற இடத்தில், செடி செத்த பிள்ளை அந்தப் பக்கமே வராது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாத்தி, அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை என்று வைத்தால் அத்தனை பேரும் வருகிறார்கள். செடி வீட்டுடையதாக இருக்கட்டும். அதைக் காப்பாற்றுவது பெரியவர்களான உங்கள் கவலை. மகளுக்கு அதில் ஒரு வேலையைக் கொடுங்கள். அந்த வேலையும் தண்ணீர் ஊற்றுவதாக இருக்க வேண்டாம், பார்த்துச் சொல்வதாக இருக்கட்டும்.

தினமும் காலையில் பல் தேய்த்ததும், யூனிஃபார்ம் போடும்முன், அவள் தொட்டி மண்ணில் விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்க்கட்டும். ஈரமாக இருந்தால் "இன்னிக்கு வேணாம்", காய்ந்திருந்தால் "இன்னிக்கு ஊத்தணும்". தீர்ப்பு சொல்வது அவள், ஊற்றுவது இரண்டு பேருமாக. தம்பியின் விரல் சின்னது. அவனுக்கு ஒரு ஐஸ் குச்சி கொடுங்கள். மண்ணில் சொருகி எடுத்தால், மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம், சுத்தமாக வந்தால் காய்ந்திருக்கிறது. "வேணாம்" என்று அவள் சொல்கிற நாளில் நீங்கள் நிஜமாகவே ஊற்றாமல் இருக்க வேண்டும். தன் பேச்சைக் கேட்டுப் பெரியவர்கள் நடக்கிறார்கள் என்று தெரிந்த குழந்தை மறுநாள் இன்னும் கவனமாகத் தொட்டுப் பார்க்கும். ஊற்றுவதற்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்றின் மூடியில் ஊசியைச் சூடாக்கி நீங்களே நாலைந்து ஓட்டை போட்டுக் கொடுங்கள். சொம்பில் ஊற்றினால் மண் குழிந்து வேர் வெளியே தெரியும். பாட்டிலில் பூத்தூறலாக விழும், கை நடுங்கினாலும் கெடுதல் இல்லை. அவள் மறந்துபோன நாளில் ரகசியமாக ஊற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். "இன்னிக்கு நீ பார்க்க மறந்துட்ட, நான் தொட்டுப் பார்த்து ஊத்திட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், அதற்குமேல் பேச்சு வேண்டாம்.

எந்தச் செடி என்று கேட்டால், முதலில் சீக்கிரம் முளைப்பது, நிறைய முளைப்பது, ஒன்று போனாலும் தெரியாதது. அப்படிப் பார்த்தால் வெந்தயம். ராத்திரி ஊறவைத்து, அகலமான ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போடுங்கள். மூன்றாம் நாள் மண்ணைத் தூக்கிக்கொண்டு எழும்பும். ஒரு டப்பாவில் நூறு நாற்று நிற்கும்போது நாலு செத்தால் யாருக்கும் துக்கமில்லை. ஏன் அந்த மூலையில் மட்டும் செத்தது என்று நிதானமாகப் பேசலாம். மூன்று வாரம் போனால் கிள்ளிச் சாம்பாரில் போடலாம். தான் வளர்த்தது சாம்பாரில் மிதப்பதைப் பார்க்கிற குழந்தையை அதற்கப்புறம் நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை.

தம்பிக்குப் பிய்ப்பதற்கென்றே ஒரு செடி வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்குக் கையால் தொடாமல் எதையும் தெரிந்துகொள்ள வராது. "தொடாதே" என்று செடியைத் தூர வைத்தால் செடி அவனுக்கு அன்னியமாகிவிடும். கற்பூரவள்ளியில் ஒரு கிளையை ஒடித்து மண்ணில் சொருகினாலே பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்து வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கும், பறிக்கப் பறிக்கக் கிளைக்கும். "இது உன் செடி. தினமும் ஒரு இலை பறிக்கலாம், பெரிய இலையாப் பார்த்து, அடியிலேர்ந்து" என்று சொல்லிவிடுங்கள். கசக்கி மோந்து பார்க்கட்டும். சளி பிடித்தால் ஆயா கஷாயத்துக்கு அவனிடம் இலை கேட்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி போடட்டும். எந்த இலையைப் பறிக்கலாம், எதைப் பறிக்கக் கூடாது என்று அவனே தேடிப் பார்க்க ஆரம்பிக்கும்போது பிய்க்கிற பழக்கம் பறிக்கிற பழக்கமாகிவிடும். கடையில் வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டு மிச்சத் தண்டை நட்டாலும் வரும், ஆனால் அது தண்ணீருக்கு ஏங்குகிற செடி. உங்கள் வீட்டுக்கு இரண்டாம் பட்சம்தான்.

அவன் வாயில் வைக்கிற வயது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரளி, ஊமத்தை, குன்றிமணி, எருக்கு, நித்யகல்யாணி, கடையில் அழகுக்கு விற்கிற டிஃபன்பேக்கியா எதுவும் இப்போதைக்கு வீட்டில் வேண்டாம். எல்லாமே வாய்க்குள் போனால் ஆபத்தானவை. நித்யகல்யாணி நம் கடலோர மணலில் தானாக முளைத்துப் பூப்பதால் பிள்ளைகள் பறித்துக்கொண்டு வருவார்கள். பூவைக் கையில் வைத்திருக்கலாம், வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

மூன்றாவது செடி காராமணி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. சிறு பிள்ளைகளுக்குச் செடிமேல் பிடிப்பு வராததற்கு ஒரு முக்கியமான காரணம், செடிக்கு உயிர் இருக்கிறது என்பதே அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே 1920-களில் குழந்தைகளிடம் எதெதற்கு உயிர் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். சூரியன், மேகம், சைக்கிள் என்று அசைகிறதையெல்லாம் அவர்கள் சொன்னார்கள். உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். அவனும் ஆட்டோவுக்கு உயிர் உண்டு, செடிக்கு இல்லை என்று சொன்னாலும் சொல்வான். செடி எங்கே அசைகிறது? அசைகிறதை நாம் காட்ட வேண்டும். காராமணி அதற்கென்றே பிறந்த செடி. கொடி நுனி கம்பியைத் தேடிச் சுற்றும். காலையில் நுனி எங்கே இருக்கிறது என்று கிரில் கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், மறுநாள் காலை மறுபடி ஒரு கோடு. கொடி வேகமெடுக்கிற வாரத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் விரல் அகலத்துக்குமேல் இடைவெளி இருக்கும். "ராத்திரி நாம தூங்கும்போது இது நடந்துருக்கு" என்று சொன்னால் போதும், கண் விரியும்.

விதை போடும்போது நாலு விதையை மண் நிரப்பிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டம்ளரின் ஓரத்தில், வெளியே தெரிகிற மாதிரி பதித்து வையுங்கள். சுற்றிலும் ஒரு கறுப்புத் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். வியாசர்பாடியில் ஒரு பால்வாடியில் ஒரு சின்னப் பையன், நட்ட விதை எழுந்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பப் புதைப்பான். மிஸ் எவ்வளவு சொல்லியும் நிற்கவில்லை. அவனுக்கு இந்த டம்ளரைக் கொடுத்தபோது, தாளை விலக்கி, வெள்ளை வேர் ஒன்று டம்ளர் சுவரை ஒட்டிக் கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டு, "மிஸ், கீழ போவுது மிஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அப்புறம் எந்த விதையையும் அவன் தோண்டவில்லை. தோண்டுகிற குழந்தை செடியைக் கெடுக்கவில்லை, பார்க்க வழி தேடுகிறது.

முளைத்த பிறகு இன்னொன்றும் செய்யலாம். நாற்று வெளிச்சத்தின் பக்கம் சாயும். டம்ளரை அப்படியே திருப்பி வையுங்கள், ஓரிரு நாளில் மறுபக்கம் வளைந்து நிற்கும். 1880-ல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனியை மூடிப் பார்த்து, வெளிச்சம் வரும் திசையை நுனிதான் உணர்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து நாற்றைப் பார்த்துக்கொண்டிருந்த வேலைதான் அது. உங்கள் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்பது நியாயம். 2019 கோடையில் புழல் ஏரி காய்ந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நின்றதை நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த மூன்று நான்கு சின்னத் தொட்டிகளுக்கும் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர் போதும், அக்னி நட்சத்திரத்தில் இரண்டு. அதற்கென்று தனியாகக் குடத்தைத் தொடவேண்டியதில்லை. அரிசி களைந்த தண்ணீர், பருப்பு அலசிய தண்ணீர், கீரை கழுவிய தண்ணீர் எல்லாம் உப்பில்லாத நல்ல தண்ணீர்தான். அடுப்படியில் ஒரு சின்ன வாளி வைத்து அதில் பிடித்து அன்றன்றே ஊற்றிவிடுங்கள். லாரியில், குழாயில் வருகிற மெட்ரோ தண்ணீரும் சரி. 2010-ல் காட்டுப்பள்ளியில், கடல்நீரை உப்பு நீக்கி நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல தண்ணீரை வடசென்னைப் பக்கம் அனுப்ப ஒரு ஆலை தொடங்கினார்கள். உப்பு நீக்கிய பிறகுதான் நாம் குடிக்கிறோம், செடியும் அப்படித்தான் கேட்கிறது. ஆர்.ஓ. மிஷினிலிருந்து கழிவாக வெளியே வரும் தண்ணீர் மட்டும் வேண்டாம். பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் போர் தண்ணீரே ஊற்ற நேர்ந்தால், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை நனைய விட்டால் அந்த வேலையை வானமே செய்துவிடும். கடல் காற்றில் இலைமேலும் உப்புப் படியும். வாரம் ஒருநாள் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து இலையைத் துடைத்துவிடுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை.

மண்ணை ரோட்டோரத்திலிருந்தோ கட்டடம் இடித்த இடத்திலிருந்தோ அள்ளாதீர்கள். கண்ணாடித் துண்டு, பழைய பெயின்ட், எண்ணெய், நாய் பூனைக் கழிவு எல்லாம் கலந்திருக்கும், நம் பக்கத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. நர்சரியில் செம்மண்ணும் மண்புழு உரமும் வாங்கி, கோகோபீட்டோடு (செங்கல் மாதிரி அழுத்தி விற்கிற தென்னை நார்த் தூள்) சமமாகக் கலந்தால் போதும். கோகோபீட்டிலும் உப்பு இருக்கும், எனவே இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அந்தச் செங்கல் மாதிரிக் கட்டியில் தண்ணீர் ஊற்றியதும் புஸ்ஸென்று பொங்குவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கட்டாயம் கூப்பிடுங்கள். காசிமேட்டில் கிடைக்கிற மீன் தெர்மாகோல் பெட்டியை வைத்துச் செடி வளர்க்கிறவர்கள் உண்டு. உப்பும் கவிச்சியும் போகக் கழுவிக் காயவைத்து, அடியில் ஓட்டை போட்டால் கீரைக்கு அருமையான பாத்தி. மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஒரு லீவு நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், மாடித்தோட்டத்துக்குத் துறை மானியத்தில் தரும் பொருட்கள் இப்போது என்ன கிடைக்கிறது என்றும் விசாரித்துவிடுங்கள்.

மூன்றாவது மாடி என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பால்கனிச் சுவரை ஒட்டித் தொட்டியோ கவிழ்த்த வாளியோ இருக்கவே கூடாது. நான்கு வயதுக் குழந்தைக்கு அது படிக்கட்டு. காராமணியை கிரில் ஓரத்தில் விட வேண்டுமானால், உங்கள் கிரில் மேலிருந்து கீழ்வரை முழுசாக மூடியதாக இருந்தால் மட்டும் விடுங்கள். இல்லையென்றால் வீட்டுச் சுவர்ப் பக்கம் ஆணியில் கயிறு கட்டி ஏற்றிவிடுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பது கீழே போகிறவர்களுக்கும் ஆபத்து.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்குகிற தண்ணீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கிற வேலையை வாரத்தில் இரண்டு நாள், புதனும் ஞாயிறும், மகளுக்குக் கொடுங்கள். தட்டில் புழு நெளிந்தால் பயப்படாமல் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மண்ணைத் தொட்ட பிறகு இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது தோட்ட வேலையில் சேர்ந்தது.

இனியும் செடி சாகும், சாகாமல் இருக்காது. அப்போது அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி வைக்காதீர்கள். அவளும் நீங்களுமாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் பழுப்பாகி, தொட்டால் கூழாக உரிந்து வந்தால் தண்ணீர் அதிகம். வேர் காய்ந்து நார் மாதிரி ஒடிந்தால் தண்ணீர் குறைவு. அடியில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது தின்றிருக்கிறது. செத்துப்போச்சு என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், தூங்குது, சாமிகிட்ட போயிடுச்சு என்று சுற்றி வளைக்க வேண்டாம். யார் கொன்றது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை, ஏன் செத்தது என்பதுதான் கேள்வி. ஒருவேளை அவள் தப்புதான் என்றாலும், வேரைப் பார்த்து அவளே சொல்வாள்.

பாராட்டும்போதும் அப்படித்தான். "சமர்த்துப் பொண்ணு" என்று சொன்னால் அடுத்த தடவை செடி வாடும்போது தன் சமர்த்தே போய்விட்டதாக நினைக்கும் குழந்தை. "இலைக்கு அடியில பூச்சி இருந்ததை நீதானே பார்த்தே" என்று அவள் கண்டதைச் சொல்லுங்கள்.

மாமியாரை வெளியே நிறுத்திவிட்டு இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. துளசி பட்டுப்போனதற்கு வருந்துகிறவர் செடியை நேசிக்கிறவர்தான். சின்ன வயதில் அவர் வீட்டில் என்ன செடி இருந்தது என்று பேத்தியைக் கேட்கவையுங்கள். விதை போடும் நாளில் முதல் விதையை ஆயா கையால் போடச் சொல்லுங்கள். ஆடி மாதம் காராமணி விதைக்க நல்ல பட்டம். முடிந்தால் "உன் கைல ராசி இருக்கு" என்று அவர் வாயால் ஒருமுறை குழந்தையிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற எடை என்னுடைய இந்தப் பதிலுக்குக் கிடையாது.

பள்ளிக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் பல பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வேம்பு, புங்கன் என்று மரக்கன்றுகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மூன்றாவது மாடியில் வேப்பங்கன்றை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை என்ன செய்யும்? தரை இல்லாத வீட்டுக்கு மரக்கன்று அனுப்புவது, தோற்பதற்கென்றே ஒரு வேலை கொடுப்பது. அதற்குப் பதில் பள்ளி வளாகத்தில் ஒரே ஒரு மரத்தை நட்டு வகுப்பே அதைப் பார்த்துக்கொள்ளட்டும், வீட்டுக்கு ஒரு கைப்பிடி வெந்தயமோ கீரை விதையோ கொடுத்தனுப்புங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்கலாம். ஆசிரியர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அவர்களுக்கும் செத்த கன்றுகளின் கதை தெரியும்.

லீவுக்கு ஊருக்குப் போகிற நாட்களில் தொட்டிகளை வெயில் படாத உள்பக்கமாக நகர்த்திவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் உயரமாக ஒரு வாளி நல்ல தண்ணீரை மூடி போட்டு வைத்து, பழைய பருத்தித் துணியைத் திரியாக்கி ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை மண்ணிலும் விட்டுப் போங்கள். நாலைந்து நாள் தாங்கும். அதற்குமேல் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் நல்லது. எப்போது ஊற்ற வேண்டும், எப்போது கூடாது என்பதை அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் மகள் விரலை மண்ணில் விட்டுக் காட்டிச் சொல்லட்டும்.